கிட்ல செஞ்ச ஓவர்டிரைவ் பெடல்: லைட் எரியுது, சத்தம் வரல. அவசரம்!

தேவகோட்டை கிட்டார்
வணக்கம். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குற ஓவர்டிரைவ் பெடலுக்கு கிட் (நாமே பத்தவச்சு செய்யுற பாகங்க) வாங்கி ரெண்டு நாளா உக்காந்து செஞ்சேன். எல்இடி எரியுது, சத்தம் வரல. எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பள்ளத்தூர்ல கச்சேரி. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

செம்மண்
எந்த மாடல் கிட் தம்பி? பேட்டரியா, அடாப்டரா? பெடலை ஆஃப் பண்ணினா கிட்டார் சத்தம் நேரா வருதா? மீட்டர் இருக்கா? போர்டு ரெண்டு பக்கமும் போட்டோ போடுங்க.

பள்ளத்தூர் பேஸ்
காலால அமுக்குற ஃபுட்சுவிட்ச்தான். சந்தேகமே வேண்டாம், எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ஒயர் பத்தவைக்கிற ஒன்பது காலும் சதுரமா இருக்கிறதால சுவிட்சைத் திருப்பி வச்சு ஒயர் கொடுத்துடுவோம். காலோட தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு படத்தோட ஒத்துப் பாரு. ஒரே கால்ல ரொம்ப நேரம் அயர்ன் வச்சிருந்தா உள்ள பிளாஸ்டிக் இளகி சுவிட்சே போயிரும்.

ஈயப்புகை
எல்இடி எரிஞ்சா கரண்ட் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்கும் சத்தம் போற பாதைக்கும் சம்பந்தம் இல்லை. இதை நான் எத்தனை தடவை எழுதியாச்சு, யாரும் பழைய இழையைப் படிக்கிறதில்லை. "ரெண்டு தடவை பார்த்துட்டேன்"னா எதை வச்சுப் பார்த்தீங்க? கண்ணால பார்த்தது கணக்கில்ல, மீட்டர்ல வர்ற எண்தான் கணக்கு. கிட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஓம் விதியை ஒழுங்காப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பழைய ரேடியோ
தம்பி, அந்த சிலிக்கான் கிட்டை ஓரமா வச்சுட்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஒரு ஃபஸ் (இன்னும் முரட்டுக் கரகரப்பு தர்ற பெடல்) செஞ்சு பாருங்க. ரெண்டே டிரான்சிஸ்டர், பாகமும் கொஞ்சம்தான், தப்பு நடக்க இடமே இருக்காது. எங்க ஐயாவோட டிரான்சிஸ்டர் ரேடியோவுல இருந்து ஏசி128ங்கிற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ரெண்டு கழட்டித்தான் என் பெடலைச் செஞ்சேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல தேடினா உடைஞ்ச ரேடியோ கிடைக்கும்.

தேவகோட்டை கிட்டார்
டியூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடல் மாதிரி கிட், டிஎஸ்9 வகைன்னு போட்டிருக்கு. ஆஃப்ல சத்தம் நல்லா வருது. ஆன் பண்ணினா ஒண்ணுமில்ல, ஓங்கி அடிச்சா மட்டும் பர்ர்னு கிழிஞ்ச மாதிரி ஏதோ வருது. 9 வோல்ட் அடாப்டர், என் மத்த பெடலும் அதுலதான் ஓடுது. மீட்டர் இருக்கு.

செம்மண்
அந்த "பர்ர்"ஐ முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி. சத்தமே வரலங்கிறது வேற, ஓங்கி அடிச்சா கிழிஞ்சு வருதுங்கிறது வேற. ஆஃப்ல நல்லா வருதுன்னா ஜாக் ரெண்டும் சரி, சுவிட்ச்லயும் பாதி சரி.

பள்ளத்தூர் பேஸ்
மீதிப் பாதி சுவிட்சைப் பாருன்னுதான் நானும் சொல்றேன்.

மீட்டர்முள்
தம்பி, சுவிட்சை இப்போதைக்கு விடுங்க. மீட்டரை 20 வோல்ட் டிசியில வையுங்க. கறுப்பு முனை ஜாக்கோட கிரவுண்ட்ல. பெடலை ஆன்ல வச்சு, 4558 ஐசியோட (சத்தத்தைப் பெருக்குற சில்லு) எட்டுக் காலையும் ஒவ்வொண்ணாத் தொட்டு எழுதுங்க. முனை வழுக்கி ரெண்டு காலை ஒண்ணாத் தொட்டுடாம பார்த்துக்குங்க. எட்டாவது கால் 9 கிட்ட இருக்கணும், நாலாவது பூஜ்யம், மத்த ஆறும் 4.5 கிட்ட. கிட்டார் சிக்னல் மேலயும் கீழயும் ஆடுற அலை. ஐசிக்கு மைனஸ் சப்ளை கிடையாது, அதனால 9ல பாதியில நிறுத்தி வச்சாத்தான் ரெண்டு பக்கமும் ஆட இடம் கிடைக்கும். பாதி தவறினா நீங்க சொல்ற அந்தக் கிழிஞ்ச சத்தம்தான் வரும்.

ஈயப்புகை
பழைய ரேடியோ சார், வந்தவரைக் குழப்பாதீங்க. ஏசி128 பிஎன்பி வகை, பிளஸ் மைனஸ் தலைகீழா வேலை செய்யும். வழக்கமான ஃபஸ் சர்க்யூட்ல போட்டா பாசிட்டிவ் கிரவுண்ட் ஆயிடும், அவரோட மத்த பெடல் இருக்கிற அதே அடாப்டர்ல மாட்டினா ஷார்ட். அதோட ஜெர்மானியத்துல லீக்கேஜ் (கசியுற) கரண்ட் 10 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல மேடை போட்டு வாசிச்சா பயாஸ், அதான் அந்தப் பாதி வோல்ட், எங்கே நிக்கும்? ஃபஸ் ஃபேஸ்ங்கிற பெடல் 1966ல ஜெர்மானியத்தோட வந்துச்சு, அப்புறம் அவங்களே சிலிக்கானுக்கு மாறிட்டாங்க. காரணம் இல்லாம மாறுவாங்களா?

பழைய ரேடியோ
தனி பேட்டரி போட்டா எந்த ஷார்ட்டும் ஆகாது. வெயில் உண்மைதான், மறுக்கல. அதுக்குத்தான் கலெக்டர் ரெசிஸ்டர் இடத்துல ஒரு டிரிம்மர் (திருகி அளவு மாத்துற ரெசிஸ்டர்) வச்சிருக்கேன், வாசிக்கிறதுக்கு முன்னாடி திருகி 4.5க்குக் கொண்டுவந்துடுவேன். கிட்டார்ல வால்யூமைக் குறைச்சா அந்த ஃபஸ் எப்படித் தெளிஞ்சு வருது தெரியுமா? சிலிக்கான்ல அந்த அழகு எனக்கு இன்னும் கிடைக்கல. ஐயா அந்த ரேடியோவை வளவுல வச்சுத்தான் தினம் செய்தி கேப்பாங்க. அதை எடைக்குப் போட எனக்கு மனசு வரல.

ஈயப்புகை
ரேடியோ மேல உங்களுக்குள்ள பாசம் சர்க்யூட்டுக்குத் தெரியாது சார்.

செம்மண்
ரெண்டு பேரும் இதுக்குத் தனி இழை போடுங்க. அந்தத் தம்பிக்கு ஞாயித்துக்கிழமை கச்சேரி.

தேவகோட்டை கிட்டார்
அக்கா, எடுத்துட்டேன். 8ல 8.9. 4ல பூஜ்யம். மத்தது எல்லாமே 1 வோல்ட் பக்கம்தான், 3லயும் 5லயும் 0.8. ஐசி போச்சா?

மீட்டர்முள்
ஐசி நல்லாத்தான் இருக்கும். 9 வோல்ட்டைப் பாதியாக்க ரெண்டு 10கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். மேல இருக்கிறது 100கேயா மாறிப் போயிருந்தா, 9 பெருக்கல் 10, வகுத்தல் 110. கிட்டத்தட்ட 0.8. உங்க மீட்டர் காட்டுற அதே எண்.

நீல உடம்பு ரெசிஸ்டர்ல அஞ்சு கோடு இருக்கும். 10கே: பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. 100கே: பழுப்பு, கறுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, பழுப்பு. ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம், நீலத்து மேல ராத்திரி வெளிச்சத்துல சிவப்பும் ஆரஞ்சும் ஒண்ணாத்தான் தெரியும். எனக்கே கண்ணை நம்பிப் போட்டு ஒரு ஆம்ப் போர்டு வீணாயிருக்கு. இப்பல்லாம் ஒவ்வொண்ணையும் மீட்டர்ல அளந்துட்டுத்தான் போர்டுல வைப்பேன்.

அடாப்டரைக் கழட்டிட்டு அந்த மேல் ரெசிஸ்டரை அளந்து பாருங்க. போர்டுல இருக்கும்போது பக்கத்துப் பாதைகளால அளவு குறைஞ்சு காட்டலாம், கூட்டிக் காட்டாது. 10கேக்கு மேல காட்டினா அது தப்பான ரெசிஸ்டர்தான்.

அந்த 10கே எங்கே போச்சுன்னும் சொல்றேன். சத்தம் வெளிய போற கடைசி இடத்துல, வால்யூம் தாண்டி, கிரவுண்டுக்கு ஒரு 100கே இருக்கும். அங்க போயிருக்கும். ரெண்டையும் கழட்டி இடம் மாத்துங்க. கடையில தனி 10கே கிடைச்சா மேல மட்டும் மாத்தினாலும் போதும், அங்க 10கே இருந்தா கெடுதல் இல்ல. டிஎஸ்9க்கு முந்தின டியூப் ஸ்க்ரீமர், பழைய டிஎஸ்808ல அந்த இடத்துல 10கேதான்.

ஈயப்புகை
கணக்கு சரி. நானும் அதைத்தான் முதல்ல இருந்து சொல்றேன், எண்ணைப் பாருங்கன்னு.

பள்ளத்தூர் பேஸ்
அப்போ சுவிட்ச் இல்லையா. சரி. தம்பி, பள்ளத்தூர்ல எந்த மேடை? நான் வர்றேன்.

தேவகோட்டை கிட்டார்
மேல 100கேதான் இருந்துச்சு. மாத்திட்டேன், இப்ப 4.4 காட்டுது. சத்தம் வருது அக்கா, அருமையா வருது. ஒத்திகைக்குக் கிளம்புறேன். எல்லாருக்கும் நன்றி.

செம்மண்
போட்டோ போடுங்க தம்பி.

பழைய ரேடியோ
நல்லா வாசிங்க தம்பி. ஜெர்மானியம் கேக்கணும்னா வீட்டுக்கு வாங்க, காரைக்குடிதான்.

புதுவயல் புதுசு
எனக்கும் இதே கிட்தான், ஆனா எல்இடியே எரியல. என்ன பண்ணணும்?

செம்மண்
பேட்டரியா, அடாப்டரா? பேட்டரின்னா இன்புட் ஜாக்ல கேபிள் செருகிப் பார்த்தீங்களா? செருகினாத்தான் பேட்டரி மைனஸ் கிரவுண்ட்ல சேரும்.