மினி கொன்சோலுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை பனர் அச்சுக்குப் போகிறது)

உப்புவெளி ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பனர் செய்கிறார்கள்: எந்தப் பழைய கொன்சோலை (ரீவியில் பூட்டி விளையாடும் பெட்டியை) மினியாகத் திரும்ப விடலாம் என்று. ஜப்பானிய விளையாட்டு நிறுவனம் நிண்டெண்டோ தன் எண்பதுகளின் பெட்டியை உள்ளங்கை அளவாக்கி, 30 விளையாட்டுகளை உள்ளேயே வைத்து 2016இல் விற்றதே, அந்த வகைச் சாமான். அடுத்து வர வேண்டியது இன்னொரு நிறுவனமான சேகாவின் ட்ரீம்காஸ்ட் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். 'மினி' என்றே போட்டேன், அதிபர் தமிழில் கேட்கிறார். வெள்ளி நாலு மணிக்குள் ஒரு சொல் தாருங்கள்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
குறும்பெட்டி. குறும்படம், குறுஞ்செய்தி இருக்கும் வரிசையில் இதுவும் இருக்கட்டும். இதற்கு ஒரு விவாதமா?

கொழும்பு, மென்பொருள் எழுதுகிறவன்:
சேர், குறும்பு + எட்டி என்றும் பிரியுமே. எட்டி விஷமரம். பத்தாம் வகுப்பு சும்மா விடுமா?

பொருளும் போதாது. சின்னப் பெட்டி எல்லாம் குறும்பெட்டிதான். இதுவோ பழைய உருவம், உள்ளே வேறு உயிர். நிண்டெண்டோ மினிக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம். 2017இல் வந்த சூப்பர் நிண்டெண்டோ மினிக்குள்ளும் கிட்டத்தட்ட அதே பலகை. 2018இல் வந்த, கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் மினியில் விசைப்பலகை வெறும் அலங்காரம், ஒரு விசையும் அமுங்காது. ஆகவே மீள்வருகையும் சுருக்கமும் சேர்ந்து வரட்டும்: மீள்குறுவெளியீடு.

உப்புவெளி ரீச்சர்:
தம்பி, பனரே நாலடிதான்.

திருகோணமலை நகரம், ரீவி திருத்துகிறவர்:
'குட்டி' என்று போடுங்கள். குட்டிப் பெட்டி. கடைக்கு வருகிற சனத்துக்கு அதுதான் விளங்கும்.

நிலாவெளி, தமிழாசிரியர்:
எதற்கெடுத்தாலும் குட்டியா? தொல்காப்பிய மரபியல் ஒன்பது இளமைப் பெயர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று... எலிக்கும் அணிலுக்கும் குட்டி, மானுக்கு மறி. நம் பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்கு நிற்கிறதே, அதை ஊரே மான்குட்டி என்கிறது. தொல்காப்பியர் வந்து பார்த்தால் அந்த மான்கள் திரியும் கோட்டைக்குள்ளேயே திருப்பி அனுப்பியிருப்பார். இந்தச் சாமானுக்குக் 'குருளை' பொருந்தும். குறுமையோடு ஒலியிலும் உறவு உண்டு.

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:
ஒலி உறவு சேரின் சொந்த ஊகம், அது இருக்கட்டும். குட்டி, கன்று, குருளை எல்லாமே வளரும் அல்லவா? இந்தப் பெட்டி வளராது. இது குழந்தை இல்லை, குள்ளம். வாமனனைக் குறளன் என்பது பழைய வழக்கு. அதனால் 'குறளுரு'. நிண்டெண்டோ குறளுரு, சேகாவின் மெகா டிரைவ் குறளுரு. சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கிறது.

கொழும்பு:
அக்கா, அப்போ ஓங்கி உலகளந்தது யார்? வளராத உவமைக்கு வளர்ந்தவனையா பிடித்தீர்கள்!

இன்னொரு சிக்கல். பிள்ளைகள் கேட்கும் ட்ரீம்காஸ்ட் 1998இல் ஜப்பானில் வந்தது. அதன் நினைவக அட்டைக்கே சின்னத் திரையும் பொத்தான்களும் உண்டு, கழற்றித் தனியாக விளையாடலாம். மினியில் அதையும் சுருக்கினால் குட்டியின் குட்டிக்கு என்ன சொல்? சிரிக்காதீர்கள். சேகா 2020இல் ஜப்பானில் தன் பழைய கையடக்கப் பெட்டி கேம் கியரைச் சுருக்கிக் கேம் கியர் மைக்ரோ விட்டது. திரை 1.15 அங்குலம், ஒன்றுக்கு நாலே விளையாட்டு.

மட்டக்களப்பு:
வளர்வதற்கு முன் குறளன்தானே, தம்பி. சொல்லை மாற்ற மாட்டேன்.

திருகோணமலை நகரம்:
நீங்கள் எல்லோரும் அசலைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே யார் வீட்டில் அசல் இருந்தது? எங்களுக்கு அது கொன்சோலும் இல்லை, 'ரீவி கேம்'. கசற்றின் மேல் 9999 விளையாட்டு என்று எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபது முப்பதுதான் திரும்பத் திரும்ப வரும்.

நேற்றும் ஒன்று திருத்த வந்தது. மூடியைக் கழற்றினால் பெட்டியில் முக்கால்வாசி வெறுங்காற்று. மூலையில் தீப்பெட்டி அகலத்துக்குப் பச்சைப் பலகை, அதன் நடுவே நெற்றிப் பொட்டுப் போல ஒரு கறுத்தப் பிசின் துளி. நிண்டெண்டோவின் முழுப் பெட்டியும் அந்தத் துளிக்குள் அடங்கிக் கிடக்கிறது. அசல் நிறுவனம் 2016இல் செய்ததை இந்தப் போலிக்காரர்கள் எப்பவோ செய்துவிட்டார்கள். என்ன, உள்ளே சுருக்கிவிட்டு வெளியே பெரிதாகக் காட்டினார்கள். திரும்ப வெளியிடத் தகுதி எதற்கென்று என்னைக் கேட்டால் அந்தப் போலிப் பெட்டிக்குத்தான். அதை யார் வெளியிடப் போகிறார்கள்? அதற்கு உங்கள் குறளுரு சரிவராது. அது குறளுயிர்.

நிலாவெளி, தமிழாசிரியர்:
குறளுயிர் அழகான சொல். ஆனால் அது குற்றியலுகரத்தின் தம்பி மாதிரிக் கேட்கிறது. எதற்கும் குறித்து வைக்கிறேன்.

உப்புவெளி ரீச்சர்:
மணி மூன்றேகால். பிள்ளைகளிடம் கை தூக்கச் சொன்னேன். குட்டிப் பெட்டிக்கு 19, குறளுருவுக்கு 6, குருளைக்கு ஒருவர் (சேரின் பேரன்). மீள்குறுவெளியீட்டை வாசிக்கச் சொன்ன பிள்ளை நடுவில் மூச்சு வாங்கியது. தலைப்பு 'குட்டிப் பெட்டி', கீழே சின்ன எழுத்தில் 'குறளுரு என்றும் சொல்லலாம்'. பின்வரிசைப் பெடியன் ஒருவன் வீட்டிலிருந்து ரீவி கேம் ஒன்றும் கொண்டுவருகிறானாம். மூடியைக் கழற்றித்தான் வைப்போம்.

மட்டக்களப்பு:
சின்ன எழுத்தில் போடுவது எனக்குச் சம்மதம் இல்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

நிலாவெளி, தமிழாசிரியர்:
அச்சகத்துக்காரன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 'குட்டி பெட்டி' என்று இருக்கிறது. நடுவில் ப் எங்கே, ரீச்சர்? இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.