மெஷ் வைஃபையை மெயின் ரவுட்டராக வைத்தால் நெட் வரவில்லை, உதவி வேண்டும்

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் கீழ்வீடு, மாடி, மொட்டை மாடியில் ஓர் அறை என்று கட்டிய வீடு. ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ் பிளான். நெட் கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டி வாசலை ஒட்டிய ஷோகேஸில் உட்கார்ந்திருக்கிறது, ஒயர் போட வந்தவர் அதற்கு மேல் உள்ளே இழுக்க முடியாது என்று அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஹாலில் பிரச்சினையே இல்லை. மாடி படுக்கையறையில் ஒரே ஒரு கோடு காட்டும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்ப்பது மொட்டை மாடி அறையில், அங்கே அந்த ஒரு கோடும் கிடையாது, மொபைல் டேட்டாதான்.

அதனால் வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும், மூன்று பெட்டி உள்ள மெஷ் செட் வாங்கினேன். ஷோகேஸ் பெட்டியிலிருந்து லேன் ஒயர் எடுத்து முதல் மெஷ் பெட்டியில் செருகி, ஆப்பில் இணைப்பு வகை கேட்டபோது டைனமிக் ஐபி (முகவரியை முன்னால் இருக்கும் பெட்டியே கொடுப்பது) கொடுத்தால் உடனே நெட் வருகிறது. ஆனால் ஆபீஸ் வலைக்குள் போக உதவும் விபிஎன் வேலைக்கு நடுவே அறுந்து போகிறது, தம்பியின் பிளேஸ்டேஷன் நாட் டைப் 3 (மற்றவர்களோடு இணைவது கடினம்) என்று சொல்கிறது, பழைய வைஃபையிலேயே இருக்கும் பிரிண்டர் மெஷ்ஷில் உள்ள லேப்டாப் கண்ணுக்குத் தெரிவதில்லை. சரி, லாகின் ஆகி இணையும் பிபிபிஓஇ வகையைப் போடலாம் என்று கஸ்டமர் கேரில் கேட்டு யூசர் நேம், பாஸ்வேர்ட் வாங்கிப் போட்டால் சிவப்பு விளக்கு, இணையம் இல்லை. பாஸ்வேர்ட் சரிதான் என்று அவர்களும் சொல்கிறார்கள்.

மெஷ்தான் மெயின் ரவுட்டராக இருக்க வேண்டும். அந்த வெள்ளைப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிடலாமா? கூடுதல் தகவல்: வீடு கட்டும்போதே ஹாலிலிருந்து மேலே வரைக்கும் சுவருக்குள் லேன் ஒயர் போட்டு வைத்திருக்கிறோம், இன்னும் எதற்கும் பயன்படுத்தவில்லை.

நைட்ஷிஃப்ட்:

கழற்ற முடியாது. மெஷ் பெட்டியில் ஃபைபர் செருக இடமே இல்லையே ப்ரோ.

பழைய_லைன்மேன்:

தம்பி, அந்த வெள்ளைப் பெட்டி இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ஃபைபரில் வரும் வெளிச்சத்தை லேன் ஒயருக்கு ஏற்றபடி மாற்றுவது. இதை அது மட்டும்தான் செய்ய முடியும், அதன் சீரியல் நம்பர் கம்பெனி பக்கத்தில் பதிவாகியிருக்கும், வேறு பெட்டியை நீங்களாக மாட்டினால் லைனே எழும்பாது. இரண்டு, ரவுட்டர் வேலை, அதாவது பிபிபிஓஇ போட்டு லாகின் ஆவது, வீட்டுக்குள் ஐபி கொடுப்பது, வைஃபை பரப்புவது. இந்த இரண்டாவது வேலையைத்தான் நீங்கள் அதனிடமிருந்து பிடுங்கி மெஷ்ஷிடம் கொடுக்க வேண்டும். இப்போது பெட்டி தானே லாகின் ஆகி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கணக்குக்குப் பொதுவாக ஒரு லாகின்தான் அனுமதி. அது போக, பெட்டி ரவுட்டராக இருக்கும்வரை மெஷ் அனுப்பும் பிபிபிஓஇ கோரிக்கை அதைத் தாண்டி வெளியே போகவே போகாது. பாஸ்வேர்ட் ஆயிரம் முறை சரியாக இருந்தாலும் சிவப்பு விளக்குதான்.

டைனமிக் ஐபியில் நெட் வருகிறதே என்றால், அங்கே மெஷ் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டராக நிற்கிறது. பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைப்பதுதான் நாட், அது இரண்டு முறை நடந்தால் டபுள் நாட். பெட்டி 192.168.1.1 என்று ஒரு வலை வைத்திருக்கும், மெஷ் தனக்கு வேறொரு வலை வைத்துக்கொள்ளும், என்னிடம் இருக்கும் டெக்கோ மெஷ்ஷில் அது 192.168.68.1. பிரிண்டர் வெளி வலையில், லேப்டாப் உள் வலையில். தேடும் அழைப்பு ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது, அதனால்தான் தெரியவில்லை. பிளேஸ்டேஷன் அழுவதற்கும் இதே காரணமாக இருக்கலாம். விபிஎன் அறுவதற்கு டபுள் நாட் காரணமாக இருக்கலாம், பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் தகவல் துண்டு) அளவும் காரணமாக இருக்கலாம்: சாதாரணமாக 1500 பைட், பிபிபிஓஇ தனக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 தான் மிஞ்சும், நடுவில் இருக்கும் மெஷ்ஷுக்கு இது தெரியாமல் 1500 என்றே அனுப்பும். சில விபிஎன் இதைத் தாங்கும், சிலது தாங்காது.

பெட்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும்படி, போடச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். ஒரே வழி அதுதான்.

சும்மாவந்தேன்:

ஒரே வழி எல்லாம் இல்லை அண்ணா. மெஷ் ஆப்பில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் மெஷ் ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் பரப்பும், ஐபி எல்லாம் பழைய பெட்டியே கொடுக்கும், டபுள் நாட் போயே போச்சு, பிரிண்டரும் தெரியும். கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது, யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. பழைய பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போன்கள் அதையே பிடித்துத் தொங்கும்.

பழைய_லைன்மேன்:

நீங்கள் சொல்வதும் சரிதான், பாதிப் பேருக்கு அது போதும். ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் பிள்ளைகளுக்கு நேரம் வைப்பது, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்பது மாதிரியான வசதிகள் பெரும்பாலான மெஷ் ஆப்களில் மறைந்துவிடும். கம்பெனி கொடுக்கும் பெட்டி மலிவானது, வீட்டில் இருபது முப்பது கருவிகள் சேர்ந்தால் அதற்கு மூச்சு வாங்கும். வைகைக்கரை கேட்டது மெஷ்ஷை மெயின் ரவுட்டராக வைப்பது பற்றி. கம்பெனி பிரிட்ஜ் போட மறுத்தால் உங்கள் வழிக்கு வரட்டும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. கஸ்டமர் கேரில் பேசினேன், பிரிட்ஜ் என்றால் என்னவென்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, வைஃபை வரவில்லையா சார், ரீசெட் பண்ணுங்க சார் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பெட்டியின் 192.168.1.1 பக்கத்துக்குள் போனேன். வான் (வெளி இணைப்பு) என்ற பகுதியில் இரண்டு வரி இருக்கிறது, ஒன்றில் இன்டர்நெட், இன்னொன்றில் வாய்ஸ் என்று போட்டிருக்கிறது. இன்டர்நெட் வரியில் ரூட், பிரிட்ஜ் என்று தேர்வு இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில், அழுத்தினால் நகரவில்லை. அப்பா லேண்ட்லைன் போனை விடமாட்டார், அதுவும் இந்தப் பெட்டியில்தான் மாட்டியிருக்கிறது. பிரிட்ஜ் போட்டால் போன் போய்விடுமா?

பழைய_லைன்மேன்:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்பக்கம் குச்சி நுழைக்கும் ரீசெட் துளையைத் தொடாதீர்கள். அதை அழுத்திப் பிடித்தால் கம்பெனி போட்ட செட்டிங் எல்லாம் அழிந்துபோகலாம், அப்புறம் ஆள் வரும்வரை நெட்டும் இல்லை, போனும் இல்லை.

லேண்ட்லைன் போகாது. நீங்கள் பார்த்த வாய்ஸ் வரி தனி விலானில், அதாவது அதே லைனுக்குள் பிரித்து வைத்த தனிப் பாதையில், ஓடுகிறது, பிரிட்ஜ் ஆவது இன்டர்நெட் வரி மட்டும். அதை ஆளிடம் தெளிவாகச் சொல்லுங்கள், அவசரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். சாம்பல் நிறத்தில் இருப்பது உங்கள் லாகினுக்கு அனுமதி இல்லை என்பதால், உடைக்கப் பார்க்க வேண்டாம். கஸ்டமர் கேரை விட்டுவிட்டு உங்கள் ஏரியாவுக்கு ஒயர் போட வந்தவர் நம்பரைப் பிடியுங்கள். அவரோ அவர் மேலே இருப்பவரோ ஆபீஸில் உட்கார்ந்தபடியே மாற்றிக் கொடுப்பார்கள். அவரிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: எந்த லேன் போர்ட்டில் பிரிட்ஜ் விடுகிறீர்கள், விலான் ஐடி பெட்டியிலேயே போடுகிறீர்களா, நான் மெஷ்ஷில் போட வேண்டுமா, போட வேண்டுமென்றால் என்ன எண். இதைக் கேட்காமல் விட்டால் பிரிட்ஜ் ஆன பிறகும் அதே சிவப்பு விளக்குதான் எரியும்.

போர்ட்டைப் பற்றி இன்னொன்று. சில பெட்டிகளில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்றுதான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றதெல்லாம் 100. மேலே எழுதியிருக்கும், பாருங்கள்.

மாற்றியதும் இரண்டு பெட்டியையும் பவர் அணைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். பழைய லாகின் கம்பெனி சர்வரில் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், அது சாகாமல் புதியதை உள்ளே விடாது. பிறகு வெள்ளைப் பெட்டிக்கு முதலில் பவர், அதன் விளக்குகள் நிலைத்ததும் மெஷ்ஷுக்கு.

வைகைக்கரை:

நடந்துவிட்டது! ஒயர்காரர் முதலில் பிடி கொடுக்கவில்லை, வாய்ஸ் விலானைத் தொடாமல் இன்டர்நெட்டை மட்டும் பிரிட்ஜ் போடுங்கள் என்று நீங்கள் சொன்ன வார்த்தையையே சொன்னதும் "சார் நீங்க ஃபீல்டா?" என்று கேட்டுவிட்டு மளமளவென்று செய்து கொடுத்தார். முதல் போர்ட், விலான் பெட்டியிலேயே இருக்கிறது, நான் எதுவும் போட வேண்டாம் என்றார். அணைத்து எழுப்பியதும் பிபிபிஓஇ ஒரே மூச்சில் ஏறிவிட்டது. ஹாலில் 200 முழுதாக வருகிறது, அப்பாவின் போனும் அடிக்கிறது. பிரிண்டரையும் மெஷ்ஷுக்கு மாற்றிவிட்டேன்.

ஆனால் மாடிப் பெட்டிக்குச் சுவருக்குள் இருக்கும் லேன் ஒயரைக் கொடுத்தேன், ஆப்பில் ஈதர்நெட் என்று அழகாகக் காட்டுகிறது, ஸ்பீடு மட்டும் 94. எங்கே அளந்தாலும் 94, 93, 94. ஒயரைப் பிடுங்கிவிட்டு வைஃபையிலேயே இணைத்தால் 130 வரை வருகிறது. ஒயரைவிடக் காற்று வேகமா? பெட்டியில் கோளாறா?

நைட்ஷிஃப்ட்:

94 என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், எங்கேயோ ஓர் இடத்தில் 100 எம்பிபிஎஸ் இணைப்பாக இறங்கியிருக்கிறது. 100-ல் மேல்செலவு போகக் கையில் நிற்பது 94. பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம், ஒயரைப் பாருங்கள். லேன் ஒயரில் எட்டு இழை, நான்கு ஜோடி. 100-க்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மாடியில் சுவர்ப் பலகையைக் கழற்றி எத்தனை இழை மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

வைகைக்கரை:

கழற்றிப் பார்த்தேன். ஆரஞ்சும் பச்சையும் மட்டும் ஜாக்கில் இருக்கிறது. நீலத்தையும் பழுப்பையும் எலக்ட்ரீஷியன் பின்னால் மடித்து, கறுப்பு டேப் சுற்றி, பக்கத்திலேயே இன்னொரு ஜாக்குக்குக் கொடுத்திருக்கிறார்! ஒரே ஒயரில் இரண்டு இணைப்பு. கீழே ஹாலிலும் அதே கதை.

நைட்ஷிஃப்ட்:

இரண்டு ஜாக் கேட்டிருப்பீர்கள், ஒரு ஒயரிலேயே முடித்துவிட்டார். நிறைய வீடுகளில் இப்படித்தான். இரண்டாவது ஜாக்கை மறந்துவிட்டு எட்டையும் ஒன்றில் குத்திவிடுங்கள், ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசை அச்சடித்திருக்கும், கீழும் மேலும் ஒரே வரிசையாக இருந்தால் போதும். ஜோடியின் முறுக்கை ரொம்பப் பிரிக்காதீர்கள். குத்தும் கருவி கடையில் மலிவாகவே கிடைக்கும்.

வைகைக்கரை:

பி வரிசையில் மாற்றினேன், மாடியில் 200 தொடுகிறது. மொட்டை மாடி அறைக்கும் அதே வைத்தியம். விபிஎன் இப்போது நாள் முழுக்க நிற்கிறது.

மிச்சம் ஒன்றே ஒன்று, பிளேஸ்டேஷன் இன்னும் நாட் டைப் 3-லேயே இருக்கிறது. யுபிஎன்பி (கருவி கேட்டால் வெளியிலிருந்து வரும் வழியைத் தானே திறக்கும் வசதி) ஆன் செய்துதான் இருக்கிறது. மெஷ் ஆப்பில் இணைய ஐபி 100.72 என்று ஆரம்பிக்கிறது.

பழைய_லைன்மேன்:

அந்த 100.72 தான் பதில். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் நெட் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் உள் வலைக்கு என்று 2012-இல் ஒதுக்கியவை. உங்கள் வீட்டையும் வேறு பல வீடுகளையும் சேர்த்து ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள், சிஜிநாட் என்பார்கள். உங்கள் வீட்டு டபுள் நாட் போய்விட்டது, இது கம்பெனி வீட்டு நாட், மெஷ்ஷில் எதை மாற்றினாலும் போகாது. மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்கள் வீட்டுக்கே உரிய மாறாத வெளி ஐபி, தருவார்கள், அது வந்தால் டைப் 2 (சாதாரண நிலை) ஆகும். தம்பி விளையாட்டில் மற்றவர்களோடு சேரவும் பேசவும் முடிகிறதென்றால் அதற்குக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

சும்மாவந்தேன்:

சிசிடிவி இருந்தால்? எங்கள் வீட்டிலும் 100-ல்தான் ஐபி ஆரம்பிக்கிறது, ஊருக்குப் போனால் கேமரா தெரியுமா?

பழைய_லைன்மேன்:

இப்போது வரும் கேமராக்களில் பெரும்பாலானவை அந்தந்த கம்பெனி ஆப் வழியாக வெளியே போய் இணைத்துக்கொள்பவை, அதற்கு வெளி ஐபி வேண்டாம். ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் வழியை (போர்ட்) திறந்து நேரடியாகப் பார்க்கும் பழைய டிவிஆராக (கேமராப் பதிவுப் பெட்டி) இருந்தால்தான் சிக்கல். கேமராவும் ஸ்மார்ட் பல்பும் முக்கால்வாசி 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்தவை, மெஷ் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுவதால் முதல் முறை சேர்க்கும்போது அடம்பிடிக்கும். 2.4 மட்டும் உள்ள கெஸ்ட் பெயர் அல்லது ஐஓடி (ஸ்மார்ட் கருவிகளுக்கான) பெயர் ஒன்று வைத்து அதில் சேர்த்துவிடுங்கள், பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 இருக்கட்டும். பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் மெஷ்ஷுக்கு வைத்தால் முன்பு இருந்த கருவிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

வைகைக்கரை, இன்வெர்ட்டர் இருக்கிறதா? கரண்ட் போனால் ஷோகேஸ் பெட்டி, முதல் மெஷ் பெட்டி இரண்டுமே உயிரோடு இருந்தால்தான் நெட் நிற்கும். ஒன்றை மட்டும் இன்வெர்ட்டர் பிளக்கில் வைத்துவிட்டு நெட் போகிறது என்று புலம்பும் வீடுகள் ஏராளம்.

வைகைக்கரை:

ஷோகேஸ் பிளக் இன்வெர்ட்டரில் இல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கினால் இரண்டையும் தாங்குமா?

பழைய_லைன்மேன்:

இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். இரண்டும் 12 வோல்ட்தானா என்பது முதலில், ஆம்பியரைக் கூட்டினால் வருவதைவிட யுபிஎஸ் தருவது அதிகமாக இருக்க வேண்டும், மெஷ் பக்கத்துப் பின் அளவும் பொருந்த வேண்டும். எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.