'தரவு வரைபடம்' வேண்டாம். 'தரவு இயைத்தல்' எனலாம்

டேட்டா மேப்பிங் என்பதற்குத் 'தரவு வரைபடம்' என்று நண்பர் முன்மொழிந்த சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு மென்பொருளின் அட்டவணையிலுள்ள புலம் (பெயர், நாள் போன்ற ஒருவகைத் தரவுக்கான பத்தி) மற்றொன்றின் எந்தப் புலத்துக்குரியது, அங்கே போய்ச் சேருமுன் அதன் மதிப்பு எவ்வாறு மாறவேண்டும் என்று வரையறுப்பதே இப்பணி. இதில் வரைவதற்குப் படம் ஏதுமில்லை. கணிதப் பாடநூல்களில் ஃபங்ஷனைக் குறிக்கும் 'சார்பு' பொருளளவில் நெருங்கி வந்தாலும், ஒருபக்கச் சாய்வையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோமாதலால் செயற்கை நுண்ணறிவு பற்றிய கட்டுரையில் அது குழப்பத்தையே தரும். 'இணைப்பு' ஏற்கெனவே மின்னஞ்சல் கோப்புக்கும் வலைச்சுட்டிக்கும் போய்விட்டது.

நான் முன்வைப்பது 'தரவு இயைத்தல்'. இயைதல் என்பது பொருந்துதல். அதன் பிறவினை இயைத்தல். அடிகளின் இறுதி ஒன்றிவரும் இயைபுத் தொடையை அறிந்தவர்க்கு இது புதுச்சொல்லாகவே தோன்றாது. பெயராக அழகாயிருக்கும் பல கலைச்சொற்கள் வினையாக்கும்போது முறிந்துபோகின்றன. இதுவோ 'இயைத்த புலம்', 'இயைக்கப்படாத புலம்', மதிப்பை மாற்றும் முறையைச் சொல்லும் 'இயைவிதி' என்று இடறலின்றிக் கிளைக்கிறது.

எனினும், உரிய புலத்தைக் கண்டறியும் முதற்கட்டத்துக்குத் தனிச்சொல் வேண்டும். அதை 'இணைகாணல்' எனலாம். புலப்பெயர்களின் பொருள்நெருக்கம், தரவு வகை, மாதிரி மதிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் இன்று விரைந்து செய்வது பெரும்பாலும் இதைத்தான். ஒரு மென்பொருளில் 'நாள்' என்றும் மற்றொன்றில் 'ஆணை நாள்' என்றும் புலங்கள் இருப்பதாகக் கொள்வோம். இயந்திரம் இரண்டையும் உயர்ந்த நம்பக மதிப்பெண்ணோடு (தன் முடிவு சரியென அது கணிக்கும் அளவு) இணை சேர்த்துவிடும். ஆனால் மூலத்தில் 03/04/2021 என்றிருக்க, இலக்கு ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவத்தை எதிர்பார்த்தால், எழுதவேண்டியது 2021-04-03 என்பதா, 2021-03-04 என்பதா? 12-ஐ விஞ்சும் எண் நாளிடத்தில் வரும் ஒரு பதிவாவது அகப்படாதவரை, தரவை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. இணை சரியாயிருந்தும் இயைவிதி தவறாகலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், மதிப்பெண்ணைப் பார்த்து ஒப்புதல் தருபவர் எதற்கு ஒப்புகிறார் என்பதே தெரியாது. ஆகவே பரிந்துரை மட்டும் தரும் கருவியைத் 'தானியங்கு இணைகாணல்' என்றும், விதியையும் தானே ஆக்கித் தருவதைத் 'தானியங்கு தரவு இயைத்தல்' என்றும் பிரித்தெழுத வேண்டுகிறேன்.

முதற்பெயரும் குடும்பப்பெயரும் சேர்ந்து ஒரே புலமாகும் இடத்தில், இரண்டைக் குறிக்கும் 'இணை' எவ்வாறு பொருந்தும் என்று கேட்பீர்களாயின், அந்த மறுப்பு நியாயமானதே. 'நிகர்காணல்' என மாற்றிக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. 'இயைத்தல்' மட்டும் நிலைக்கட்டும்.