60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுக்கம், கிளட்சை விட்டால் அடியில் ‘டக்’ சத்தம்

கேள்வி (கடலூர் முதுநகர்):
துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏற்றிச் செல்லும் என் பழைய டீசல் பிக்கப்பில், மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது. முதல் கியரில் கிளட்சை விடும்போது அடியிலிருந்து ‘டக்’ என்ற சத்தமும் வருகிறது. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்தாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்கு வேண்டாம். அது செலவு மிகுந்த வேலை, சந்தேகப் பட்டியலில் கடைசியாக வர வேண்டியதும்கூட. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கையோ, சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின்னையோ சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள்.

மறுமொழி 2 (புதுச்சேரி):
‘டக்’ சத்தம் தனிக் கதை. அதற்கும் ஸ்டியரிங்குக்கும் முடிச்சுப் போட வேண்டாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கி, மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் படுகிற வண்டி என்பதால், ஷாஃப்ட் மூட்டில் உள்ள சிலுவை வடிவத் துண்டான ஜாயிண்ட் கிராஸின் மூடியோரம் செந்தூள் போலத் துரு கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்ந்துவிட்டது, சத்தம் அங்கிருந்துதான் என்று கொள்ளலாம். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரு முனைகளிலும் பெயின்ட்டால் அடையாளமிடச் சொல்லுங்கள். திசை மாறிப் பூட்டினால் புதிதாக ஓர் அதிர்வு தொடங்கும், ஆனால் அது ஸ்டியரிங் பிடித்த கைக்கு வராது, உட்காரும் சீட்டில்தான் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மூடியோரம் செந்தூள் இருக்கிறது. வலது டை ராட் எண்ட்டும் ஆடுகிறது. பாக்ஸைத் தொடப்போவதில்லை.