ஐஸுக்கு அடியில் 80 நிமிடம்

வேலணை வீட்டார் (குழு)

சின்ன மாமா: ↪ பலமுறை பகிரப்பட்டது: "ஐஸுக்கு அடியில் 80 நிமிடம்! செத்த பெண் எழுந்த அதிசயம்!!"

சின்ன மாமா: புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அவ்வளவு நேரம் கிடந்தால் மீன்தான் பிழைக்கும்.

சுதா ட்ரொம்சோ: மாமா, இது உண்மை. நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள், 1999 மே 20. அன்னா போகன்ஹோல்ம், அவரும் டொக்டர். இங்கே நோர்வேயில் நார்விக் பக்கம் பனிச்சறுக்கில் ஓடைக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டார். ஆனால் 80 நிமிடமும் இதயம் நின்றிருக்கவில்லை. முதல் 40 நிமிடம் ஐஸுக்கு அடியில் கொஞ்சம் காற்று கிடைத்தது. உடம்பு நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் நின்றது. அதுதான் காப்பாற்றியது.

பெரியம்மா: ஐயோ பிள்ளை. பிறகு?

சுதா ட்ரொம்சோ: வெளியே இழுத்ததும் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார்கள், ஹெலிகொப்டரிலும் விடவில்லை. இங்கே பார்க்கும்போது உடம்பு 13.7 டிகிரி! ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சூடாக்கித் திரும்ப ஏற்றினார்கள். பிழைத்து, பின்னாளில் இதே ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தார்.

குமரன்: அக்கா, நின்ற இதயத்தை ஓடவைக்க அட்ரினலின் மருந்து போடுவீர்களா? படிக்கிறேன், அதுதான் கேட்கிறேன் 😅

சுதா ட்ரொம்சோ: 30 டிகிரிக்குக் கீழே போடமாட்டோம், மருந்து உடைபடாமல் உடம்பிலேயே தேங்கும். இதயத்துக்கு மின்சார ஷொக் 3 தடவை வரை. கேட்காவிட்டால் 30 தாண்டும்வரை அமுக்குவதும் சூடாக்குவதும்தான். நாடியைக்கூட ஒரு நிமிடம் வரை பொறுத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவு மெதுவாகத் துடிக்கும்.

சின்ன மாமா: மூளை பழுதாகாதா?

சுதா ட்ரொம்சோ: 18 டிகிரியில் மூளை வழமையை விடப் பத்து மடங்கு நேரம் தாங்குமாம். ஆனால் மூச்சு முட்டி இதயம் நின்று, அதற்குப் பிறகு குளிர்ந்தால் இந்தக் கணக்குச் சரிவராது.

பெரியம்மா: ரவி! நாளைக்கு ஐஸில் மீன் பிடிக்கப் போகிறாயாமே? யாராவது விழுந்தால் கைகாலைச் சூடு பறக்கத் தேய்த்து, பிராந்தி கொடு.

சுதா ட்ரொம்சோ: பெரியம்மா, இரண்டும் கூடாது!! அசைத்து உலுக்கினாலே குளிர்ந்த இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். ரவி, படுத்தபடியே வைத்து ஈர உடுப்பை வெட்டி எடு, போர்வையால் சுற்று, ஆம்புலன்ஸுக்கு 113 போன் அடி. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அமுக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதே.

ரவி ஒஸ்லோ: சரி அக்கா. கழுத்தில் இஸ்பிகர், அதுதான் கைப்பிடி வைத்த ஆணிகள், மாட்டிக்கொண்டுதான் போவோம். விழுந்தால் ஐஸில் குத்தி ஏறலாம்.

ரவி ஒஸ்லோ: 📷 படம்

பெரியம்மா: இந்த இரண்டு ஆணியா உன்னைத் தூக்கப்போகிறது? உன் எடை என்ன?

சின்ன மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது