மாருதி 800: ஒடிஞ்ச ஸ்டட்டை எப்படி எடுக்கறதுங்க?

வண்டி 2004 மாருதி 800, ஊர் பொள்ளாச்சி. மேனிஃபோல்டும் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடற குழாய்) சைலன்சர் பைப்பும் சேர்ற ஃபிளாஞ்சில் (ரெண்டையும் இறுக்கிச் சேர்க்கற விளிம்பு) புகை கசியுதுங்க. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆரம்பிச்சது. காலையில் ஸ்டார்ட் பண்ணினா 'டக் டக்'னு சத்தம், சூடானா பாதி அடங்கிடும். ஃபிளாஞ்சைச் சுத்திக் கரி அப்பியிருக்கு. பின்னாடி குழாயைத் துணியால் அடைச்சா அங்கேதான் சீறுது.

சைலன்சர் பேஸ்ட் தடவினதும் சீக்கிரமே உதிர்ந்துடுச்சு (அதிர்ற ஜாயிண்ட்ல அது எங்க நிக்கும்!). கசிவை அடைக்கற கேஸ்கெட்டை மாத்தக் கழட்டினப்போ, துருப்பிடிச்ச ஸ்டட் (நட்டு மாட்டற, தலையில்லாத போல்ட்) ஒண்ணு மட்டத்தோட ஒடிஞ்சுடுச்சு. டீசல் ஊத்தி ஊறவெச்சு, சென்டர் பஞ்ச் அடிச்சு, 3 எம்எம் துளை போட்டு எக்ஸ்ட்ராக்டர் (ஒடிஞ்ச போல்ட்டைத் திருப்பி எடுக்கற கருவி) விட்டும் அசையலை. அதுக்கு மேல முறுக்கலை. எக்ஸ்ட்ராக்டர் உள்ளே ஒடிஞ்சா டிரில் பிட்டும் ஏறாது. பட்டறையில் மேனிஃபோல்டையே மாத்தச் சொல்றாங்க.

ஸ்டட் மேல நட்டு வெச்சு வெல்டு அடிச்சு வண்டியிலேயே திருப்பிப் பார்க்கலாமா, மேனிஃபோல்டைக் கழட்டி லேத்துக்குக் கொண்டு போறதா?