டெர்மினலில் ஓடும் ப்ரீ-கமிட் ஹுக் ஜியூஐ கருவியில் மட்டும் நின்றுவிடுகிறது

கேள்வி:
மேக், கிட், ஹஸ்கி 9 (கிட் ஹுக்குகளை நிர்வகிக்கும் கருவி). ப்ரீ-கமிட் ஹுக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) என்பிஎக்ஸ் (நோட் கருவிகளை ஓட்டும் கட்டளை) வழியாக லின்ட் (கோடில் பிழை தேடும் சோதனை) ஓட்டுகிறது. டெர்மினலில் கமிட் போட்டால் சிக்கலில்லை. டாக்கிலிருந்து திறந்த ஜியூஐ கருவியில் போட்டால் ‘என்பிஎக்ஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, எக்ஸிட் கோட் 127. நோட், என்விஎம் (நோட் பதிப்புகளை நிறுவி மாற்றும் கருவி) மூலம் நிறுவியது. தற்போதைக்கு ‘ஹுக்கைத் தவிர்’ டிக்கைப் போட்டு ஓட்டுகிறேன். விண்டோஸ்காரர்களும் இதே ரெப்போவில் இருக்கிறார்கள், ஹுக்கில் கைவைக்கத் தயக்கம்.

பதில் 1:
127 வந்தால் ஹுக் ஓடியிருக்கிறது, உள்ளே அழைத்த கட்டளைதான் அகப்படவில்லை. என்விஎம் தன் ஃபோல்டரைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) சேர்ப்பது ஷெல்லின் ஆர்சி கோப்பு (ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) வழியாக. டாக்கிலிருந்து திறக்கும் செயலி அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை, சிஸ்டம் ஃபோல்டர்கள் மட்டுமே அதன் பாத்தில் இருக்கும். ஐயமிருந்தால் ஹுக்கின் முதல் வரியில் ‘என்வி’ கட்டளை (சூழல் மாறிகளைப் பட்டியலிடும்) தரும் வெளியீட்டை ஒரு தற்காலிகக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, இரண்டு இடத்திலிருந்தும் கமிட் போட்டு பாத் வரியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹுக்கைத் தொட வேண்டாம். ஹோம் ஃபோல்டரில் .கான்ஃபிக்/ஹஸ்கி/இனிட்.எஸ்ஹெச் என்று ஒரு கோப்பு வையுங்கள். அதில் இரண்டே வரி: என்விஎம்_டிஐஆர் மாறியை எக்ஸ்போர்ட் செய்வது, என்விஎம்.எஸ்ஹெச்-ஐ சோர்ஸ் செய்வது. ஒவ்வொரு ஹுக்குக்கும் முன்னால் ஹஸ்கி இதைப் படிக்கும். உங்கள் கணினியோடு நின்றுவிடும், ரெப்போவுக்குள் போகாது. நோட் இருக்கும் முழுப் பாதையை ஹுக்கிலேயே எழுதுவதுதான் மோசமான வழி. அடுத்த பதிப்பு மாறியதும் எல்லோருக்கும் உடையும்.

பதில் 2:
அந்த ‘ஹுக்கைத் தவிர்’ டிக், கிட்டின் ‘நோ-வெரிஃபை’தான். ப்ரீ-கமிட்டோடு, கமிட் செய்தியைச் சோதிக்கும் கமிட்-எம்எஸ்ஜி ஹுக்கும் சேர்ந்தே போய்விடும், செய்தி வடிவத்தைச் சோதிப்பவர்கள் கவனிக்க. எப்படியும் தாண்டிப் போக வழி இருப்பதால் அதே லின்ட் சிஐயிலும் (சர்வரில் தானாக ஓடும் சோதனை) ஓடியே ஆக வேண்டும்.

ஹுக் ஓடாமலேயே, பிழையும் வராமல் கமிட் ஆகிவிட்டால் அது வேறு கதை. லிப்கிட்2 (கிட் வேலைகளைச் செய்யும் நூலகம்) தானாக ஹுக்கை ஓட்டாது, அதை வைத்து எழுதிய கருவிதான் ஓட்ட வேண்டும்.

விண்டோஸில் ஹுக்கை ஓட்டுவது கிட்டோடு வரும் எஸ்ஹெச் ஷெல்தான். அங்கே திருத்திய கோப்பு சிஆர்எல்எஃப் (விண்டோஸ் பாணி) வரி முடிவோடு உள்ளே வந்தால் மேக்கில் உடையும். .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் .ஹஸ்கி ஃபோல்டருக்கு ‘இஓஎல்=எல்எஃப்’ போட்டுவிடுங்கள். ஹுக்குக்குள் ‘தொடரவா?’ என்று கேட்கும் ரீட் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், ஜியூஐயின் பின்னால் பதில் தட்ட டெர்மினல் கிடையாது. காரணத்தை எஸ்டிடி-எர்ரில் (பிழை வெளியீடு) எழுதி எக்ஸிட் 1 கொடுங்கள்.

கேட்டவர்:
இனிட்.எஸ்ஹெச் வைத்ததும் ஓடுகிறது, நன்றி. ஆனால் ரெப்போவின் .என்விஎம்ஆர்சி கோப்பு சொல்லும் நோட் பதிப்பு வரவில்லை, டீஃபால்ட்தான் வருகிறது.

பதில் 1:
சோர்ஸ் செய்யும்போது என்விஎம் எடுப்பது டீஃபால்ட்டைத்தான். அதற்கடுத்த வரியாக ‘என்விஎம் யூஸ்’ சேருங்கள். ஹுக் ரெப்போவின் வேர் ஃபோல்டரிலிருந்து ஓடுவதால் .என்விஎம்ஆர்சி தானே கண்ணில் படும். இந்த வரியை ஹுக்கில் வைக்காதீர்கள். ஹஸ்கி ஹுக்கை ‘எஸ்ஹெச் -இ’ (ஒரு கட்டளை தோற்றதும் நின்றுவிடும் ஷெல்) கொண்டு ஓட்டுகிறது, என்விஎம் இல்லாதவரின் கமிட் அங்கேயே நின்றுவிடும். இனிட்.எஸ்ஹெச்சுக்கு அந்தக் கெடுபிடி இல்லை.